பறந்துபோன மீன்பாடி வண்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் சந்து எவ்வளவு அகலம் என்றால், ஒரு பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டால் எதிரில் வருகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படி நிறுத்தியிருந்த என் பைக்கின் கண்ணாடியை யாரோ பெயர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். "நாலு கேமரா சும்மாவா மாட்டிக்கீறோம்?" என்று அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து மவுஸைக் கையில் எடுத்தார். செய்தி பரவி, எதிர்வீட்டு அக்கா, மாடி வீட்டு அண்ணன், யார் வீட்டுப் பிள்ளைகள் என்றே தெரியாத இரண்டு வாண்டுகள் என்று ஹால் நிறைந்துவிட்டது.

படம் ஓடியது. பைக் நிற்கிறது. இடது ஓரத்தில் மோட்டார் வைத்த மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி ஒன்று மூக்கை நீட்டுகிறது. அவ்வளவுதான். அடுத்த காட்சியில் வண்டி பைக்கைத் தாண்டி வலது ஓரத்தில் இருக்கிறது, கண்ணாடி தரையில் கிடக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"இன்னா தம்பி, வண்டி பறந்து பூட்ச்சா?" என்றார் அக்கா.

திரும்பத் திரும்பப் போட்டோம். வண்டி ஒவ்வொரு முறையும் பறந்தது. "இடிச்சத யாரும் பாக்கல, பாவம் அந்த ஆளு மேல பழி போடாதீங்க" என்று அக்கா நியாயம் பேச ஆரம்பித்துவிட்டார். மாடி வீட்டு அண்ணன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்: "இது காசிமேட்டு உப்புக்காத்து வேலை. கனெக்டர் எல்லாம் பச்சை பூத்திருக்கும்." கடலோரத்தில் குடியிருப்பவன் உப்புக்காற்றைச் சந்தேகிப்பதில் தப்பில்லை. எங்கள் வீட்டு கேட் கீல் கதையே தனி. போனில் மச்சானைக் கேட்டால், "நெட்டு ஸ்லோ மாமா, பிளானை மாத்துங்க" என்றான். அவனுக்கு அடைமழையில் கரண்ட் போனாலும் நெட்டுதான் காரணம்.

எல்லாரும் கிளம்பின பிறகு நிதானமாகப் பார்த்தேன். நேரலையில் படம் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கேபிளோ கனெக்டரோ கெட்டிருந்தால் நேரலையும் திணற வேண்டும். ஆக, உப்புக்காற்று விடுதலை. அடுத்து ரவுட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு அதே பதிவை டிவியில் ஓடவிட்டேன். அப்போதும் வண்டி பறந்தது. கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் தன் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை நேராக டிவிக்குக் கொடுக்கும்போது நெட்டுக்கு அங்கே என்ன வேலை? மச்சான் சொன்னது போனில் வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் பொருந்தும். அப்போது வீட்டு நெட்டின் அப்லோடு வேகம் போதாவிட்டால் படம் நிஜமாகவே திக்கும்.

மிச்சம் இருந்தது பதிவு செட்டிங். உள்ளே போய்ப் பார்த்தால், நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம் தரக்கூடிய கேமராவில் பதிவுக்கு 2 ஃபிரேம்தான் வைத்திருந்தது. நொடிக்கு எவ்வளவு டேட்டா எழுதலாம் என்கிற பிட்ரேட் வெறும் 768 கிலோபிட். மீன்பாடி வண்டி அரை நொடியில் எங்கள் பைக்கைக் கடந்துவிடும். கேமரா பார்த்தது, டிவிஆர் எழுதவில்லை.

கேமரா மாட்டிய பையனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அப்பாதான் ஒரு மாசம் ரெக்கார்டிங் நிக்கணும்னாரு" என்றான்.

அவன் கணக்கில் குறையே இல்லை. நல்ல தரத்தில் ஒரு கேமராவுக்கு பிட்ரேட் நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 43 ஜிபி சுமார். நாலு கேமராவுக்கு 170 ஜிபிக்கு மேல். எங்களுடைய 1 டெராபைட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. அப்பா கேட்டதோ முப்பது நாள், அதுவும் டிஸ்க்குக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் தராமல். பையன் பேசாமல் ஃபிரேமையும் பிட்ரேட்டையும் வெட்டி முப்பது நாளை வரவழைத்துவிட்டான். இதில் கொடுமை, மொட்டைமாடி கேமரா தண்ணீர் டேங்க்கை இருபத்திநாலு மணி நேரமும் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்த டேங்க் இதுவரை எங்கும் நகர்ந்ததில்லை.

மாடி கேமராவையும் படிக்கட்டு கேமராவையும் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவு செய் என்று மாற்றினேன். வாசலுக்கும் சந்துக்கும் 15 ஃபிரேம், 2048 பிட்ரேட். வீடியோவைச் சுருக்கி எழுதும் முறையை எச்.264-இலிருந்து புதிய எச்.265 ஆக்கினேன், ஏறக்குறைய அதே தரத்தை அது குறைந்த இடத்தில் அடக்கிவிடும். கணக்குப்படி இருபது நாள் பக்கம் நிற்கும். ஒரு துண்டை பென்டிரைவில் எடுத்து அப்பாவின் பழைய லேப்டாப்பில் போட்டால் மறுபடி திக்கியது. நெஞ்சு பகீரென்றது. அதே ஃபைல் என் போனில் அழகாக ஓடியது. எச்.265-ஐப் பிரித்துக் காட்ட அந்த லேப்டாப்புக்குத் தெம்பு இல்லை, பாவம்.

கண்ணாடி விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது. எழுதாத ஃபிரேமை எந்த சாஃப்ட்வேர் வந்தும் எடுக்க முடியாது. எதிர்வீட்டு அக்கா இன்றுவரை காற்றுதான் தள்ளியது என்கிறார். மீன்பாடி வண்டிக்காரர் அவருக்குத் தூரத்துச் சொந்தம் என்று அம்மா பிறகுதான் சொன்னார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஃபிரேம், பிட்ரேட், டிஸ்க், இருபது நாள். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு டெராபைட் டிஸ்க் வாங்கிப் போட்டா, ரெண்டு மாசம் நிக்கிற மாதிரி வெச்சிடலாம்ல?"