வால் எண்

இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் விமானப்படைத் தளத்து வேலியோரம் இன்று விமானம் பார்க்க வந்தவர்களிடம் ஆளுக்கொரு அலுமினிய ஏணி.

எஃப்-15 போர் விமானங்கள் இரண்டு இறங்கின. எல்லாருடைய கேமராவும் படபடத்தது. பக்கத்து ஏணிப் பெரியவர் மட்டும் வாலில் இருந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார்.

“மதியத்தில் ஓடுபாதைக் கானல் எந்த லென்ஸையும் ஏமாற்றிவிடும். எண்ணை ஒன்றும் செய்யாது” என்றார்.

அந்த நோட்டுதான் வில்லங்கம்!

2001இல் கிரீஸின் கலமாட்டா தளத்தில் இப்படி விமான எண் குறிக்கும் பிரிட்டன், நெதர்லாந்து ஆர்வலர்கள் 14 பேரை உளவாளிகள் என்று பிடித்தார்கள். 2002 ஏப்ரலில் தண்டனையே விதித்தார்கள். மேல்முறையீட்டில் அந்த நவம்பரில்தான் விடுதலை.

எண்ணை வாலில் ஊரறிய எழுதி வைப்பது விமானப்படைதான். அதைப் படித்தால் உளவா?

கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானம் தலைக்கு மேலேயே பறக்கும். ஆனால் வேலியோரம் பெரிய லென்ஸோடு நின்று பாருங்கள், அப்புறம் விசாரணைதான்.