காலண்டர் தாளில் மளிகைச் சீட்டு

பாம்பன் மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. மேலே துவரம்பருப்பு, பாமாயில். இரண்டையும் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘ரேஷன்’ என்று எழுதியிருந்தார். கீழே புளி கால் கிலோ, மல்லி அரைக் கிலோ, சீரகம் நூறு கிராம். கடைசியில் சீயக்காய், அதன் மேல் ஒரு கேள்விக்குறி.

“புது பிஸ்கட் வந்திருக்கிறது, போடட்டுமா அக்கா?”

“சீட்டில் உள்ளதை மட்டும் போடுங்கள், தம்பி.”

அந்த அடித்தல் கோடுகளில்தான் எத்தனை கணக்கு! ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே அதே பொருட்கள் பல மடங்கு விலை. முதலில் ரேஷன் கடை, பிறகு வீட்டு டப்பாக்களைத் திறந்து பார்த்து மிச்சத்துக்குச் சீட்டு. இந்த வரிசை மாறினால் பணம் கரைந்துவிடும்.

எங்கள் கரையில் இது வெறும் சிக்கனம் அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வருமானம் நின்றாலும் அடுப்பு எரிந்தாக வேண்டும். கடையின் பற்று நோட்டில் பெயர் ஏறிவிட்டால், தடைக்காலம் முடிந்து மீன் விற்றுக் கிடைக்கும் முதல் காசு அங்கேயே போய்விடும். பல வீடுகளில் அதைத் தடுத்து நிறுத்துவது பெண்கள் எழுதும் இந்தத் துண்டுச் சீட்டுதான்.

வீட்டு ஆண்களும் அதை எழுதப் பழகலாம். சீரகம் எவ்வளவு மீதமிருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.