திரும்பி வராத ரிக்கெற் காசு

யாழ்ப்பாணத்து ரிக்கெற் ஏஜென்சிகளில் பிரச்சினை பெரும்பாலும் பயணத்தை இரத்துச் செய்த பிறகுதான் தொடங்குகிறது. "கான்சல் பண்ணியாச்செண்டு சொன்னியள், காசு எங்க?" என்று கேட்பவரின் கோபத்தில் நியாயம் இருக்கும். ஆனால் ஆசனத்தை விடுவிப்பது ஒரு வேலை, ரீஃபண்டுக்கு விண்ணப்பிப்பது வேறு வேலை. முதலாவது ஒரு நிமிடத்தில் முடியும்; அதோடு விட்டுவிட்டால் காசு தானாக வராது.

இங்குள்ள ஏஜென்சிகள் பலவற்றுக்கு அயாட்டா (IATA) என்ற சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கத்தின் அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரமுள்ள கொழும்பு நிறுவனம் ஒன்றின் மூலமே ரிக்கெற் அடிப்பார்கள். காசும் போன வழியாலேயே திரும்பும்: விமான நிறுவனம், கொழும்பு, பிறகு யாழ்ப்பாணம். கொழும்புக்காரர் அதை இங்குள்ள ஏஜென்சி தரவேண்டிய பழைய பாக்கியில் கழித்துவிட்டால் இங்கே கையில் ஒன்றும் வராது. "எயார்லைன் இன்னும் தரேல்லை" என்ற பதில் பல வேளைகளில் அங்கேதான் பிறக்கிறது. இதைச் சரிபார்க்க ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு மட்டும் போதாது. 13 இலக்க ரிக்கெற் எண் வேண்டும். ஸ்ரீலங்கன் என்றால் 603 என்றும், எயார் இந்தியா என்றால் 098 என்றும் தொடங்கும். ரிக்கெற் இன்னும் திறந்திருக்கிறதா, ரீஃபண்ட் ஆகிவிட்டதா என்று விமான நிறுவனத்தின் கணினியில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும்.

தொகையில் வரும் சண்டை வேறு. 185,000 ரூபா கொடுத்தீர்கள் என்று வைப்போம். அதில் கட்டணம் 110,000, விமான நிறுவனத்தின் மேலதிகக் கட்டணம் 35,000, விமான நிலைய வரிகள் 32,000, ஏஜென்சியின் கூலி 8,000. மலிவு ரிக்கெற்றில் முதல் இரண்டும் திரும்பாது என்று விதி இருந்தால் மிஞ்சுவது வரி மட்டுமே. அந்த 35,000 ரிக்கெற்றில் வரிகளோடு சேர்ந்தே அச்சாகியிருப்பதால்தான் "வரி முழுக்க வரும்" என்று நம்பி ஏமாறுகிறார்கள். விசா மறுக்கப்பட்ட கடிதம் பொதுவாக இந்த விதியை மாற்றாது. விமானம் புறப்படும் முன் இரத்துச் செய்யாவிட்டால் நோ-ஷோ தண்டமும், அதாவது சொல்லாமல் வராமல் விட்டதற்கான தண்டமும், சேரும்.

ரிக்கெற் அடித்த அன்றே மனம் மாறினால் நள்ளிரவுக்கு முன் சொல்லுங்கள். பெரும்பாலான ரிக்கெற்றுகளை அன்றைய கணக்கு மூடுமுன் வொயிட் (void) செய்யலாம், அதாவது அடிக்காதது போலவே செல்லாததாக்கலாம்; தண்டம் இல்லை. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது அந்த வழி மூடியிருக்கும்.

விமானம் இரத்தாகும் போலத் தெரிந்தால் பதறிக்கொண்டு நீங்கள் முந்தி இரத்துச் செய்யாதீர்கள். நிறுவனமே இரத்துச் செய்தால் முழுத் தொகையும் கேட்கலாம். நீங்கள் முந்தினால் அது உங்கள் விருப்பத்தில் செய்ததாகப் பதிவாகும், தண்டமும் விழும். நேரமாற்றச் செய்தி வந்தாலும் "ஓகே" அழுத்துமுன் விதியைக் கேளுங்கள்.

பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து லண்டனோ ரொறன்ரோவோ போகிறவர்களுக்கு இன்னொரு பொறி. இரண்டும் தனித்தனி ரிக்கெற் என்றால், மார்கழி மழையில் பலாலி விமானம் நின்றுபோனாலும் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. அதன் கணக்கில் நீங்கள் நோ-ஷோ. சில ஆயிரம் மிச்சம் பிடிக்க இப்படிப் பிரித்துப் போடுவது கெட்டித்தனமில்லை. ஒரே ரிக்கெற்றாகப் போட முடியாவிட்டால் சென்னையில் ஓர் இரவாவது இடைவெளி விடவேண்டும்.

வெளிநாட்டிலிருக்கும் அண்ணாவோ மச்சானோ கடனட்டையில் கட்டிய ரிக்கெற்றின் பணம் பொதுவாக அதே அட்டைக்குத்தான் போகும். இங்கே கடையில் நின்று கேட்டுப் பயனில்லை.

கட்டும்போது பற்றுச்சீட்டில் கட்டணம், வரி, கூலி மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இரத்துச் செய்வதை வாயால் சொல்லாமல் நேரம் தெரிய வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடப் போனாலும் இந்த இரண்டும் ரிக்கெற் பிரதியும் கையில் இருக்கவேண்டும்.