எல்லைச் சாமிகளைக் கேட்டு ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு சின்ன யாத்திரை

பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்துக் கோயில்களுக்குப் போக நாள் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தோடு ஓதத்தையும், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். ரங்கூன் ஆறு கடலிலிருந்து உள்ளே தள்ளி ஓடினாலும் தினமும் ஏறி இறங்குகிற ஆறு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருக்கும். நம் அங்காள பரமேஸ்வரிக்கு அமாவாசை விசேஷம். பர்மியர்களுக்குப் பௌர்ணமியில் பயாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, போவது விசேஷம். ஆக, ஜனங்கள் சாமியைத் தேடி அதிகமாகக் கிளம்புகிற நாட்களில்தான் தண்ணீரும் அதிகமாக எழும்புகிறது.

கார்த்திகை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வரவும், "இதைவிட நல்ல நாள் கிடைக்காது" என்று அத்தை முடிவு செய்துவிட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மழைக்காலம் முடிந்து கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான் இந்தப் பக்கம் பாதை காய்ந்திருக்கும், படகும் தைரியமாக ஏறலாம். சனிக்கிழமை டாலா, துவாந்தே. ஞாயிற்றுக்கிழமை தன்லின், பீலிக்கான், சவுக்தான். பத்தேனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். பத்தேன் ரங்கூனிலிருந்து 190 கிலோமீட்டர். ஷ்வேமொத்தோ பயாவையும் அந்த ஊர்க் குடைகளையும் ஓட்டமாக ஓடிப் பார்த்துத் திரும்புவது தரிசனம் ஆகாது. அதைத் தனியாக வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டோம். இன்றைய நிலைமையில் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதையும் முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

ரங்கூனில் எந்தப் பயணமானாலும் முதலில் காளியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவது எங்கள் வழக்கம். அனவ்ரத்தா சாலையில் இருக்கிற அந்தக் கோயிலை 1871இல் தமிழ் ஜனங்கள் எழுப்பினார்கள். காலையில் போனால் பர்மியப் பெண்களும் வந்து கைகூப்பி நிற்பதைப் பார்க்கலாம். அவர்கள் பயாவுக்குப் படைக்கும் தட்டில் நடுவே காம்போடு ஒரு தேங்காய், சுற்றிலும் வாழைச் சீப்புகள். நம் அர்ச்சனைத் தட்டுக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. அவர்கள் தேங்காயை உடைப்பதில்லை, அவ்வளவுதான். அத்தை ஒரு தேங்காய் உடைத்து, கழிமுகம் முழுக்கக் காவலாக வரச் சொல்லி அம்மனிடம் வேண்டிக்கொண்டார்.

பன்சோடன் துறையில் ஏறினால் பத்து நிமிஷத்தில் டாலா. குளிர்காலத்தில் கடற்காக்கைகள் கூட்டமாக வந்து படகைச் சுற்றிப் பறக்கும். அவற்றுக்குத் தீனி போடுவதைப் பர்மியர்கள் புண்ணியமாக நினைக்கிறார்கள். அத்தையும் ஒரு பொட்டலம் வாங்கி, முன்னோர்களை நினைத்துக்கொண்டு போட்டார்.

டாலாவிலிருந்து துவாந்தே போகும் சாலையில் ஒரு குளத்தின் நடுவே பாம்புப் பயா இருக்கிறது. ஜன்னல் கம்பிகளிலும் புத்தர் காலடியிலும் மலைப்பாம்புகள் சுருண்டு கிடக்கும். யாரும் அவற்றை விரட்டுவதில்லை. நாகத்துக்குப் பால் வார்த்து வளர்ந்த நமக்கு அங்கே பயம் வரவில்லை, கை தானாகவே குவிந்தது. துவாந்தேயில் மண்பானைச் சூளைகளை ஒரு நடை பார்த்துவிட்டு, ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய கால்வாயின் கரைக்கு வந்தோம். ரங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்கிற இந்தக் கால்வாயின் நீளம் 35 கிலோமீட்டர். இதற்கு அப்பால்தான் நம் பாட்டன்மார் வந்து உழுத நிலங்கள்.

அந்த நிலங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள், தமிழ்க் கூலிகள் வயலில் நின்றார்கள். நெல் விலை விழுந்த பிறகு, 1938 வாக்கில், கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. பர்மிய விவசாயிக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நாம் மறைக்கக் கூடாது. 1942இல் யுத்தம் வந்தபோது நம் ஜனங்கள் கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள், வழியிலேயே ஏராளமானோர் இறந்தார்கள். 1964இல் கடைகள் தேசியமயமானபோது இன்னும் லட்சக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். நிலமும் கடையும் கைவிட்டுப் போயின. மிஞ்சிய குடும்பங்கள் விளக்கேற்றியதால்தான் கோயில்கள் இன்றும் நிற்கின்றன.

கழிமுகத்துப் பயாக்களில் ஒரு மூலையில், புலி பக்கத்தில் இருக்க, யாழோடு உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞரின் உருவத்தைப் பார்க்கலாம். அவர் பெயர் உ ஷின் ஜீ. உப்புத் தண்ணீருக்கு அதிபதி. அவர் யாழ் வாசிக்க, மயங்கிப்போன தேவதைகள் கப்பலை நகரவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். அவரைத் தண்ணீரிடம் ஒப்படைத்த பிறகுதான் கப்பல் கிளம்பியது என்று கதை சொல்வார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்களும் படகுக்காரர்களும் அவரை வணங்காமல் துடுப்பைத் தொட மாட்டார்கள். நம் ஊரில் ஏரிக்கரை ஐயனார் எப்படியோ, இங்கே இந்த நீருக்கு அவர்.

அவரிடம் அனுமதி கேட்பது வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயல் இந்தக் கழிமுகத்தில் ஏறியபோது கடலே ஊருக்குள் வந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,30,000 பேருக்கு மேல். இந்த மண் அவ்வளவு தாழ்வு. இங்கே வாழ்கிறவர்கள் தண்ணீரோடு தினமும் பேசித்தான் ஆக வேண்டும். நானும் அந்த இளைஞர் முன்னால் ஒரு ஊதுபத்தி ஏற்றி, போனவர்களுக்காகக் கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் அமாவாசை. பாகோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து தன்லின், அங்கிருந்து பீலிக்கான். அங்காள பரமேஸ்வரியும் முனீஸ்வரரும் இருக்கிற கோயில். திருவிழாவில் தீமிதிக்கு வருகிற கூட்டம் அன்று இல்லை. அதனால் நிம்மதியாக நின்று பார்க்க முடிந்தது. புது வண்டி வாங்கிய ஒரு பர்மியக் குடும்பம் பூஜைக்கு வந்திருந்தது. பூசாரி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க, அந்த வீட்டுப் பெரியவர் முனீஸ்வரரைப் பார்த்துத் தரையில் மண்டியிட்டு மூன்று முறை வணங்கினார். அவர் பயாவில் வணங்குகிற முறை அது. முனீஸ்வரர் அதையும் ஏற்றுக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தை அந்த வீட்டு அம்மாளுக்குத் திருநீறு பூசிவிட, அவர் பதிலுக்கு ஒரு வாழைச் சீப்பு கொடுத்தார்.

சவுக்தான் போய்ச் சேர நண்பகல் ஆகிவிட்டது. ஆற்றின் நடுவே சின்னத் தீவில் இருக்கிற யேலே பயாவுக்குப் படகில்தான் போக முடியும். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் இந்தப் பயா மூழ்காது என்று நம்புகிறார்கள். அமாவாசை ஓதம் என்பதால் அந்த நேரத்தில் தண்ணீர் நன்றாக வடிந்து, கரையெல்லாம் சேறு. படிகளில் நெடுக இறங்கித்தான் படகைப் பிடிக்க வேண்டியிருந்தது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால் அவர்கள் முழங்காலுக்கு நல்லது. பயாவில் செருப்போடு காலுறையையும் கழற்ற வேண்டும், வெயிலில் தரை சுடும். கெளுத்தி மீன்களுக்குப் பொரி போடும் இடத்தில் அத்தையை நகர்த்தவே முடியவில்லை.

திரும்பும் வழியில் பத்தேன் பேச்சு மறுபடி எழுந்தது. தை மாதம் அறுவடை முடிந்ததும் போகலாம் என்றார் மாமா. அதற்கும் முதலில் காளியம்மனிடம் கேட்க வேண்டும் என்றார் அத்தை.