இரண்டாந்தரம்

நமது பாடசாலைப் போர்டிங்கின் குசினியில் ஓர் அலுமினியத் தூக்குச்சட்டி இருந்தது. மூடியின் பிடி எப்போதோ கழன்றுபோக, அந்த இடத்தில் ஒரு கம்பித்துண்டை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். 1973இல் நான் எட்டாம் வகுப்பு. ஒருநாள் பின்னேரம் போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு அந்தச் சட்டியைக் கையில் தந்தார்.

"தம்பி, இதைக் கொண்டுபோய் அப்புவிட்டைக் குடுத்திட்டு வா."

அப்பு நமது பழைய தோட்டக்காரர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. காலில் புண் வந்து, பின் ஒழுங்கையில் மகள் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தார். மகள் விடியப் புகையிலைத் தோட்டத்து வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவா. அதனால் பின்னேரக் கஞ்சி போர்டிங்கிலிருந்து போகும்.

இரண்டு நாள் ஒழுங்காகக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் மைதானத்தில் பந்து உருளத் தொடங்கிவிட்டது. "ஓம் ஐயா" என்று வாங்கிய கஞ்சியைப் பூவரசம் வேலியடியில் ஊற்றிவிட்டு விளையாடப் போனேன். நாலாம் நாளும் அப்படியே செய்தேன். கிழவர் பசியோடு படலையைப் பார்த்தபடி கிடப்பார் என்ற நினைவு வரத்தான் செய்தது. வந்தும் ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் காலை போதகர் ஐயா என்னை அந்த வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். காகம் கொத்தியது போக, மிச்சப் பருக்கைகள் வெயிலில் காய்ந்து மண்ணோடு வெள்ளையாய் ஒட்டிக் கிடந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. அடி விழும் என்று நின்றேன். இனி இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பார் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அடியைத் தாங்கிக்கொண்டு வேலையிலிருந்து தப்பினால் போதும் என்றிருந்தது.

பின்னேரம் நாலரைக்குக் குசினி வாசலில் நின்று அவரே கூப்பிட்டார். அதே சட்டி. "தம்பி, இதைக் கொண்டுபோய் அப்புவிட்டைக் குடுத்திட்டு வா." முதல் நாள் சொன்ன அதே வசனம். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

முகத்தை நீட்டிக்கொண்டுதான் போனேன். அப்பு எழும்பி இருந்து, சட்டியின் சூடு படும்படி இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் குடித்தார். குடித்து முடிந்ததும், சட்டியைக் கழுவித் தருவதற்காக அந்தப் புண் காலோடு கிணற்றடிக்கு எழும்பப் பார்த்தார். நான் வாங்கிக் கழுவினேன்.

அந்தத் தவணை வேதபாட வகுப்பில் யோனா என்ற தீர்க்கதரிசியின் புத்தகம் வந்தது. நாலே அதிகாரம். கிழக்கே நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொல்ல, யோனா யோப்பாவில் கப்பலேறி மேற்கே தர்ஷீசுக்கு ஓடுகிறான். புயல் அடித்ததும், கடலில் விழுந்தவனை மீன் விழுங்கிக் கரையில் கக்கியதும் எல்லோருக்கும் தெரியும். போதகர் ஐயா எங்களை நிறுத்தி வைத்தது மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில்: கர்த்தருடைய வார்த்தை "இரண்டாந்தரம்" யோனாவுக்கு உண்டாயிற்று. அதே ஊருக்குத்தான், அதே வேலைக்குத்தான். "ஓடிப்போனவனை விட்டுவிட்டு வேறொரு தீர்க்கதரிசியைத் தேடியிருக்கலாம். தேடேல்லை. அதுதான் பிள்ளையள் இரக்கம்" என்றார். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் விட்டதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லுகிறேன்.

அடுத்த நாள் தோட்டத்து வரம்பிலிருந்து ஓர் ஆமணக்குக் கன்றைப் பிடுங்கி வந்து மேசையில் வைத்தார். பாடம் முடிவதற்குள் இலைகள் தொங்கிவிட்டன. நினிவேக்குப் போய்ப் பிரசங்கித்த பிறகும் யோனாவின் மனம் மாறவில்லை. அந்தச் சனம் மனந்திரும்பி அழிவிலிருந்து தப்பியதே அவனுக்குக் கோபம். நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்கு வருந்துகிறவன், இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருந்த பட்டணத்துக்காக வருந்தவில்லை. கால் கீழ்ப்படிந்தும் நெஞ்சு கீழ்ப்படியவில்லை. அவனையும் கர்த்தர் தள்ளவில்லை, பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கிறார். புத்தகமே அந்தக் கேள்வியோடுதான் முடிகிறது.

இயேசுவின் சீடன் பேதுருவுக்கும் இதுதானே நடந்தது. கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவன் அவன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் திரும்பவும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் அவனுக்குச் சாப்பாடு கொடுத்து, மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் ஆடுகளை மேய்க்கச் சொன்னார்.

தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதற் பேராயரானவர் சபாபதி குலேந்திரன். கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்ற கோட்பாட்டை ஒப்பிட்டு 1964இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் எழுதினார். கிருபை என்ற சொல்லை எடுத்தால் போதகர் ஐயா பேராயரின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார். கிருபை சும்மா கிடைக்கும், ஆனால் கிடைத்தவனைச் சும்மா இருக்க விடாது என்று தன் பாணியில் விளங்கப்படுத்துவார். பேராயரின் நூலை நான் கனடாவுக்கு வந்த பிறகுதான் வாசித்தேன். அப்போதும் மனதில் நின்றது ஐயாவின் "சும்மா"தான்.

1984இல் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். பிறகு ஒரு காணி விஷயத்தில் அண்ணனோடு கோபம் வந்து பதினொரு வருடம் கதைபேச்சு இல்லாமல் போயிற்று. பிழை யாரில் என்று இங்கே எழுத வரவில்லை. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று பலிபீடத்தில் நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது ஆண்டவர் கட்டளை. எனக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்படியிருந்தும் மாதாமாதம் "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டு வேலியடியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாதாமாதம் அதே வார்த்தை திரும்ப வந்தது. ஒரு மாதமாவது ஆண்டவர் என்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போகவில்லை.

ஓர் ஒக்டோபர் ஞாயிறு ஆராதனை முடிந்து, காருக்குள் இருந்தபடியே அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அங்கே இரவு ஒன்பதரை.

"ஆர்?"

பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஓட்டில் மழை விழும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மழை கொட்டுது. ஒண்டும் விளங்கேல்லை. பிறகு எடு."

வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, அதே நேரம், இரண்டாந்தரம் எடுத்தேன்.