ஜப்பான் குக்கரும் எங்கள் வீட்டு கரண்டும்

ஆன்லைனில் ஆசைப்பட்டு வாங்கிய ஜப்பான் ரைஸ் குக்கர் நேற்று வந்து சேர்ந்தது. பிளக்கில் தட்டையாக இரண்டு கால்கள் மட்டும். அடாப்டர் ஒன்றை மாட்டிச் சொருகினேன். 'பட்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை. அவ்வளவுதான். ஊறிய அரிசி உள்ளே அப்படியே கிடந்தது.

கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஸ்டிக்கர்: 100 வோல்ட், 50-60 ஹெர்ட்ஸ், 700 வாட். (ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 ஹெர்ட்ஸ். அதனால் இரண்டும் போட்டிருக்கிறார்கள்.) நம்மிடம் வருவதோ 230 வோல்ட். வோல்டேஜ் 2.3 மடங்கானால் ஹீட்டர் சுருள் இழுக்கும் வாட் அதன் வர்க்கமாக ஏறும், அதாவது ஐந்து மடங்குக்கு மேல். 700 வாட் சுருளில் 3700 வாட்!

அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். எனக்கு இது தெரியாமல் இல்லை. போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜரில் எல்லாம் '100-240' என்று இருக்கும், எங்கே சொருகினாலும் ஓடும். அந்தப் பழக்கதோஷம்.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் திறந்து பார்த்து, "பியூஸோட போர்டும் போச்சு தம்பி. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் வச்சிருக்கணும்" என்றார். 230 வோல்ட்டை 100 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் பெட்டி அது. இந்தக் குக்கருக்கு 1000 வாட்டாவது தாங்குவது வேண்டுமாம். காட்டினார், அம்மிக்கல் கனம். அதற்கு அடுக்களையில் இடம் ஏது?

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பழைய பானையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.