சியாங் மாயில் புரட்டாசி

“புரட்டாசியில யாராவது தாய்லாந்துக்குப் போவாங்களா? அங்க தண்ணியிலகூட மீன் வாசனை அடிக்குமே” என்றார் அம்மா. அம்மா தாய்லாந்துக்குப் போனதில்லை. இங்கே சிங்கப்பூரில் பீச் ரோட்டு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸுக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். ஹாட்யாய் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை கூடும் தாய்லாந்துத் தொழிலாளர்கள், மீன் சாஸ், கருவாடு என எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தக் கட்டடம்தான் அவருக்குத் தாய்லாந்து. 2023 மே மாதத்தோடு அங்கிருந்த கடைகளும் காலி செய்துவிட்டுப் போய்விட்டன.

வட தாய்லாந்தின் சியாங் மாய்க்குப் போய்ச் சமையல் வகுப்பில் சேர்வது என்று நானும் அக்காவும் முடிவு செய்தபோது மாதத்தைப் பார்த்து வைக்கவில்லை. அக்கா மருத்துவமனையில் தாதி. அவளுக்கு விடுப்பு கிடைத்தது அக்டோபர் தொடக்கத்தில். எங்கள் வீட்டில் சமைப்பது நான், தீர்ப்பு சொல்வது அவள். புரட்டாசி பிறந்துவிட்டால் மீன், இறைச்சி, முட்டை எதையும் தொடமாட்டாள். சனிக்கிழமை விடிகாலையில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வரிசையில் நிற்பாள். அந்த மாதம் நானும் சைவம்தான், பாதி பக்தியில், பாதி அக்காவுக்குப் பயந்து.

சியாங் மாயில் சமையல் வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. அரை நாள், முழு நாள், ஊருக்கு வெளியே தோட்டத்தில் என்று விதவிதமாக இருக்கின்றன. அக்காவுக்குத் தோட்டம்தான் வேண்டும், படம் நன்றாக வரும் என்றாள். மார்க்கெட் சுற்றிக் காட்டாத வகுப்புக்கு வரமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சட்டியில் வதக்குவதை யூடியூபில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். அடுக்கி வைத்த கீரைக் கட்டுகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அந்த ஊர் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் உண்டு.

பிறகு சைவம். மேம்போக்காகப் பார்த்தால் தாய்லாந்துச் சமையலில் சைவம் எளிது என்று தோன்றும், காய்கறியும் தேங்காய்ப்பாலும் அவ்வளவு இருக்கிறதே என்று. ஆனால் உப்பு வருவது மீன் சாஸிலிருந்து. கறி விழுதின் அடியில் கிடப்பது இறால் விழுது, நம் ஊர் பெலாச்சானின் உறவு. இங்கே ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் விற்கும் கிரீன் கறி பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாலும் பெரும்பாலும் இறால் எட்டிப் பார்க்கும். அதனால் சில வகுப்புகளுக்கு மின்னஞ்சல் போட்டேன்: இவை இரண்டும் இல்லாமல் சொல்லித்தர முடியுமா? முடியும், முடியும் என்று எல்லோரும் எழுதினார்கள். ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும் திருப்பிக் கேள்வி வந்தது: “ஜேவா, வெறும் சைவமா? பூண்டு சாப்பிடுவீர்களா?” கேள்வி கேட்கத் தெரிந்த அந்த இடத்துக்கே பணம் கட்டினோம். ஆளுக்கு ஆயிரம் பாட் பக்கம், நம் காசுக்கு நாற்பது வெள்ளி.

ஜே என்பது என்னவென்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் முழுதாகப் புரிந்தது. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள், தாய்லாந்தில் பெரிய சைவ விரதம். இங்கே சிங்கப்பூரில் அப்பர் சிராங்கூன் சாலையில் உள்ள தோ மூ கொங் கோயிலில் ஒன்பது பேரரசர் திருவிழா நடக்குமே, அதே நாட்கள்தான். பல வருடங்களில் புரட்டாசியோடு சேர்ந்துகொள்ளும், எங்களுக்கும் சேர்ந்துகொண்டது. தெருவெங்கும் மஞ்சள் கொடி, அதில் சிவப்பு எழுத்து. கொடி தொங்கும் கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். அங்கே இறைச்சி, முட்டை, பால் கிடையாது, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எங்கள் வீட்டுப் புரட்டாசியில் பூண்டு ரசம் தாராளமாக உண்டு. விரதத்தில் தன்னைவிடக் கறாரான ஒரு கூட்டம் இருப்பது அக்காவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “அவங்களுக்கு ஒன்பது நாள்தானேடா, நமக்கு ஒரு மாசம்” என்று கணக்கை நேர் செய்துகொண்டாள்.

காலையில் ஒரு சிவப்பு சோங்தேவ் வண்டி வந்து விடுதி வாசலில் ஏற்றிக்கொண்டது. ஏற்கெனவே ஒரு ஜெர்மானியத் தம்பதி, இரண்டு கொரியப் பெண்கள். போனது பழைய நகரத்தின் அகழி ஓரம் இருக்கும் சோம்பெட் மார்க்கெட். பெரிய சந்தை இல்லை, தேக்கா ஈரச்சந்தையில் ஒரு மூலை அளவு இருக்கும். ஆளுக்கொரு கூடை கையில் கொடுத்தார்கள். எல்லோரும் படம் எடுக்க ஓடும் பழக்கடையை ஆசிரியை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தேங்காய்க் கடைக்கு நடந்தார்.

அங்கே துருவுவதற்கு ஒரு இயந்திரம், பிழிவதற்கு இன்னொன்று. தண்ணீர் விடாமல் பிழிந்த கெட்டிப் பால் தனி, தண்ணீர் விட்டுப் பிழிந்தது தனி. கெட்டிப் பாலைச் சட்டியில் ஊற்றி, அது திரிந்து எண்ணெய் விடும்வரை காய்ச்சி, அந்த எண்ணெயிலேயே கறி விழுதை வதக்க வேண்டும் என்றார். வேறு எண்ணெயே வேண்டாம். பெட்டியில் வரும் பால் பலவற்றில் அது பிரியாமல் இருக்க ஏதோ சேர்த்திருப்பார்கள், மணிக்கணக்காகக் கொதித்தாலும் வெள்ளையாகவே நிற்கும். என் வீட்டு கிரீன் கறி ஏன் எப்போதும் சூப் மாதிரி இருக்கிறது என்று அந்த இடத்தில் விடை கிடைத்தது. தேக்காவில் தேங்காய் துருவித் தருகிற கடையை வருடக்கணக்காகத் தாண்டித்தான் நான் ஃபேர்பிரைஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்தது காய்கறி. இங்கேதான் அக்கா பொறுமை இழந்தாள். ஆசிரியை ஒரு கொத்துப் பச்சைக் காயைத் தூக்கிக் காட்டி, இது கிரீன் கறியில் போடும் குட்டிக் கத்தரிக்காய், கசக்கும் என்றார். “சுண்டைக்காய்டா!” என்று அக்கா மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். சுண்டைக்காயேதான், சந்தேகமே இல்லை. நாம் மோரில் ஊறவைத்துக் காயப்போட்டு வற்றலாக்கி வத்தக்குழம்பில் போடுவதை, அவர்கள் பச்சையாக, முழுசாக, இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் தேங்காய்ப்பாலில் போடுகிறார்கள். ஜெர்மானியருக்கு வற்றல் போடும் முறை முழுவதையும் அக்கா விளக்கினாள். அவர் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் லெங்குவாஸ். சிங்கப்பூரில் மலாய்ப் பெயரிலேயே வாங்குகிறோம், ஆனால் அது நாட்டு மருந்துக் கடைப் பேரரத்தை. இருமல் வந்தால் அம்மா கஷாயத்தில் தட்டிப் போடும் சித்தரத்தைக்கு நெருங்கிய சொந்தம். அதை வட்ட வட்டமாக நறுக்கிச் சூப்பில் மிதக்க விடுவார்கள், விழுதில் இடிப்பார்கள். கொத்தமல்லியைக் கட்டோடு எடுத்துக் காட்டி, இலையை ஒதுக்கிவிட்டு வேரைத் தட்டினார் ஆசிரியை. வேர், பூண்டு, வெள்ளை மிளகு மூன்றையும் சேர்த்து இடித்தால் பாதித் தாய்லாந்துச் சமையலுக்கு அடித்தளம் முடிந்தது என்றார். நாம் வாங்கியதும் முதலில் வெட்டி எறிவது அந்த வேரைத்தான்.

துளசிக்கு வருகிறேன். கா ப்ராவ் என்று கடைகளில் கிடைக்கும் வதக்கல், பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டுக் கோழியோ பன்றியோ கொத்தி வதக்கி, மேலே ஒரு பொரித்த முட்டை, எனக்கு நெடுநாள் பழக்கம். அதில் போடும் இலை ஏதோ அந்த ஊர்க் கீரை என்று நினைத்துச் சாப்பிட்டவன் நான். ஆசிரியை ஒரு கொத்தைக் கையில் கொடுத்து, கசக்கி முகரச் சொன்னார். அக்கா முகர்ந்தாள். முகம் மாறியது. “தம்பி, இது பெருமாளுக்குச் சாத்துறதுடா.”

அதேதான். இதுவும் நம் துளசி இனமே. அவர்கள் வளர்க்கும் வகையில் காரம் கொஞ்சம் தூக்கல், கிராம்பு வாசனை தெளிவாக வரும். கிராம்பில் உள்ள யூஜினால் துளசியிலும் இருக்கிறது. புரட்டாசி மாதம், கையில் துளசி, அடுத்த ஒரு மணி நேரத்தில் அதைப் பூண்டோடு வதக்கப் போகிறோம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எதிரில் இருந்த இன்னொரு துளசிக் குடும்பத்து இலையைக் காட்டி, கறியில் போடுவது அதுதானே, அது பரவாயில்லையா என்று தனக்குத்தானே விசாரணை நடத்தினாள். தீர்த்தத்தில் போட்டு வயிற்றுக்குள்தானே அனுப்புகிறோம் என்றேன் நான். “அது வேற, இது வேற” என்றாள். ஆனால் கூடையில் போட்டுக்கொண்டாள்.

மார்க்கெட்டில் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு வேறொன்று. துவா நாவ். சோயா அவரையை வேகவைத்து, நொதிக்க விட்டு, அரைத்து, அப்பளம்போல் தட்டி வெயிலில் காயவைத்தது. வட தாய்லாந்தில், குறிப்பாக ஷான் மக்களிடம், பழக்கம் அதிகம். கடலிலிருந்து தூரத்தில் மலைக்குள் இருக்கும் ஊருக்கு இறால் விழுது எங்கிருந்து வரும்? அந்த இடத்தை நிரப்பியது இதுதான். தணலில் வாட்டி இடித்துப் போட்டால் இறாலே இல்லாமல் விழுதுக்கு அடிச்சுவை வந்துவிடும். வாசனை கொஞ்சம் கடுமை. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள், கொரியப் பெண்கள் இருவரும் தங்கள் வீட்டு வாசனை என்று சிரித்தார்கள்.

சமையல் நடந்த இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆளுக்கொரு அடுப்பு, ஒரு ஏப்ரன், எல்லாம் கிண்ணம் கிண்ணமாக அளந்து வைத்திருந்தார்கள். யாரும் தோற்க முடியாத ஏற்பாடு. அழுக்குப் பாத்திரத்தை வைத்த இடத்திலிருந்து யாரோ எடுத்துப் போய்விடுகிறார்கள். இப்படி இருந்தால் நான் தினமும் மூன்று வேளை சமைப்பேன். சட்டியில் தீ குபீரென்று எழும்போது எல்லோரும் கைபேசியைத் தூக்கினோம், அதற்காகவே அது நடத்தப்படுகிறது என்பது என் சந்தேகம்.

கல் உரல் மட்டும் பொய் சொல்லவில்லை. சோன்புரி மாநிலத்து ஆங் சிலா ஊர்க் கருங்கல் உரல்களுக்கு அங்கே தனி மதிப்பாம். எதை முதலில் போடுவது என்பதில்தான் வித்தை. வறுத்த மல்லி, சீரகம், வெள்ளை மிளகை முதலில் பொடித்து எடுத்துவிட வேண்டும். பிறகு உப்போடு பச்சை மிளகாய், நார் உள்ளவை எல்லாம்: செரை எனும் எலுமிச்சைப் புல், லெங்குவாஸ், லிமாவ் பூருட் எனும் எலுமிச்சை வகையின் தோல், மல்லி வேர். உப்பின் சொரசொரப்பு நாரை அறுக்க உதவும். ஈரம் விடும் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும், நார் நாராகவே நிற்கும். கால் மணி நேரம் இடித்தும் என் விழுது ஆசிரியைக்குப் போதவில்லை, “இன்னும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்கா மருத்துவமனையில் ஆளைத் தூக்கிப் படுக்க வைத்துப் பழகிய கை, எனக்கு முன்னால் முடித்துவிட்டாள்.

துளசி வதக்கலை அக்கா டோஃபுவில் செய்தாள், மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை. இலையை அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும், அந்தச் சூடே போதும். ஒரு வாய் வைத்துவிட்டு என் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தாள். இனிப்புக்கு மாம்பழச் சோறு கேட்டோம், அக்டோபரில் நல்ல மாம்பழம் இல்லை என்று மறுத்துவிட்டார். தேங்காய்ப்பாலில் பனைவெல்லமும் ஒரு கல் உப்பும் போட்டுப் பூசணிக்காயை வேகவிட்டார்கள். எனக்கு அதுவே மேல்.

ஊர் திரும்பிய வாரமே தேக்காவுக்குப் போனேன். துருவிய தேங்காய், செரை, லெங்குவாஸ், வேரோடு மல்லிக் கட்டு, பச்சைச் சுண்டைக்காய் எல்லாம் அரை மணி நேரத்தில் கிடைத்தன, பாதியைத் தமிழிலும் பாதியை மலாயிலும் கேட்டு. லிமாவ் பூருட் இலை எளிது, காயைத் தேடத்தான் நடக்க வேண்டியிருந்தது. தாய்லாந்துத் துளசிக்குக் கோல்டன் மைல் டவர் பக்கம் போனேன், காம்ப்ளெக்ஸ் மூடிய பிறகு சில கடைகள் பக்கத்திலேயே ஒதுங்கியிருக்கின்றன. பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் மாலைக்கு வைத்திருக்கும் துளசியை வாங்கி வதக்க எனக்கே மனம் வரவில்லை.

வீவக அடுக்குமாடி வீட்டில் உரல் இடிப்பது ஒரு தனிக் கலை. அடியில் மடித்த துண்டைப் போட்டாலும் கீழ்வீட்டுக்குக் கேட்கிறது. கீழ்வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா, மின்தூக்கியில் பார்த்து, என்ன சம்பால் செய்கிறாய் என்று விசாரித்தார். கிரீன் கறி என்றதும், மிக்ஸியில் போட்டால் சுவை வராது, இடித்துக்கொள், ஒன்பது மணிக்கு முன்னால் மட்டும் இடித்துக்கொள் என்று அனுமதி தந்தார்.

அம்மாவுக்குச் சுண்டைக்காய் போட்ட கறி பிடித்துப் போனது, புளி இல்லையே என்ற குறையோடு. துளசி வதக்கலைப் பற்றி நான் வாயைத் திறக்கக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அம்மா இணையத்தில் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.